வீரர் கதையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

வரலாற்று நாயகர்களின் வாழ்க்கையைச் சொல்லிப் பிள்ளைகளிடம் துணிவையும் இரக்கத்தையும் வளர்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குக் கட்டபொம்மன் கதை சொன்னேன். மறுநாளிலிருந்து ஸ்கேலை வாளாக்கி நாலு வயதுத் தங்கையை அடிக்கிறான். கேட்டால், "அவ வெள்ளைக்காரி, கிஸ்தி கேட்கிறா" என்கிறான். வீரர் கதைகளையே நிறுத்திவிடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

நிறுத்த வேண்டாம், சொல்லும் விதத்தை மாற்றினால் போதும். கட்டபொம்மன் கதை என்று நம்மில் பலர் சொல்வது சினிமா வசனத்தையும் கோட்டைச் சண்டையையும்தான். பிள்ளைகள் கேட்ட கதையை உடனே கையால் செய்து பார்ப்பார்கள். வசனத்திலும் சண்டையிலும் செய்து பார்க்கக் கிடைப்பது கத்துவதும் அடிப்பதும் மட்டுமே. உங்கள் மகன் செய்வது அதைத்தான்.

அவனுக்குச் சொல்ல வேண்டிய இடம் கதையின் கடைசியில் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன் மறுநாள் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அஞ்சவில்லை என்றும், தூக்கு மரத்தை நோக்கி உறுதியாக நடந்தார் என்றும் அதில் இருக்கிறது. போகும் வழியில் அவர் கவலைப்பட்டது வாய் பேச வராத தம்பியைப் பற்றி மட்டுமே என்று கேள்விப்பட்டதையும் பானர்மேன் எழுதுகிறார். அந்தத் தம்பிதான் ஊமைத்துரை. இது எதிரியின் கையால் எழுதியது, அதனால் புகழ்ச்சி என்று தள்ளவும் முடியாது. வீட்டில் ஒரு தங்கை இருக்கிற ஏழு வயதுப் பையனுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

முழுக்கதையும் எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், இந்த வயதில் அதற்கு மேல் கவனம் நிற்காது. முதல் இரண்டு நிமிடம் ஊருக்கும் ஆட்களுக்கும். பாஞ்சாலங்குறிச்சி, மண்கோட்டை, அண்ணன் தம்பிகள் என்று சொல்லுங்கள். பிறகு சிக்கல். பார்க்க வரச் சொன்ன கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். வழியில் அவமானம், கோபம், போனால் பிடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம். இங்கே நிறுத்திவிட்டு, "நீயா இருந்தா போவியா, திரும்பிடுவியா?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெற்றோர் பலர் சறுக்குவது இந்தப் பத்து எண்ணிக்கையில்தான். மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் பிள்ளை யோசிக்க ஒன்றும் இருக்காது.

சண்டைக்கு இரண்டே வாக்கியம் போதும். மிச்ச நேரம் முழுவதும் கயத்தாற்றுக்கும் தம்பிக்கும்.

விளையாட்டைத் தடுக்க வேண்டியதில்லை. குச்சி ஆள் மேல் படக்கூடாது, பட்டால் அன்றைக்குக் குச்சி பரண் மேல் என்ற ஒரே விதியை வையுங்கள். கூடவே அடிக்க வேண்டாத வேடங்களைக் கொடுங்கள். கோட்டைக் கதவைத் திறந்து காயம்பட்டவரை உள்ளே கொண்டுவருபவர், சேதி கொண்டு ஓடுபவர், மருந்து கட்டுபவர். தங்கைக்கும் இதில் வேலை கிடைக்கும். அவளை வெள்ளைக்காரியாக்கி மூலையில் நிறுத்த வேண்டியிருக்காது.

கேள்வி: அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன், 34 பிள்ளைகள். 40 நிமிடப் பாடவேளையில் துணிவும் இரக்கமும் இரண்டும் சேர்ந்த ஒரு கதையை நடத்த வழி சொல்லுங்கள். படித்துக்காட்டினால் தூங்கிவிடுகிறார்கள்.
– ஆசிரியை, தர்மபுரி மாவட்டம்

இதற்குக் கோவூர் கிழாரை எடுங்கள். புறநானூற்றின் 46ஆம் பாட்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், தன் பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானையின் காலில் இடப் போகிறான். சபை கூடியிருக்கிறது. கையில் ஆயுதம் இல்லாத புலவர் எழுந்து பேசுகிறார்.

அவர் பேசிய வரிசையை ஆசிரியர் முதலில் உள்வாங்கிக்கொள்ள வேண்டும், பாடமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் அரசனின் முன்னோரைச் சொல்கிறார்: ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்த குலத்தில் வந்தவன் நீ. அடுத்து பிள்ளைகளின் குடும்பத்தைச் சொல்கிறார்: அறிவையே உழுது பிழைக்கும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சி, தங்களிடம் இருப்பதைப் பகுத்து உண்பவர்கள் இவர்கள். மூன்றாவதாக, கண்ணெதிரே நடப்பதைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்த வியப்பில் அழுகையையே மறந்துவிட்டார்கள். இப்போது பழக்கமில்லாத சபையைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். கடைசியில், "கேட்டனை யாயின்நீ வேட்டது செய்ம்மே." நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய். அவ்வளவுதான். திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. தன்னைக் கொல்லப் போகும் யானையையே வேடிக்கை பார்க்கும் குழந்தையை அரசனின் கண்ணில் பட வைத்தார். புலவர் பாடிப் பிள்ளைகளை உய்யக் கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

வகுப்பில் முதல் ஏழு நிமிடம் கதை. புத்தகத்தைப் பார்க்காமல், அரசன் யானையை வரச் சொன்ன இடம்வரை மட்டும் சொல்லுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு அதன் நடுவில் இரண்டு புத்தகப்பைகளை வையுங்கள். அவைதான் மலையமான் பிள்ளைகள். எந்தக் குழந்தையையும் அந்த இடத்தில் நிற்க வைக்காதீர்கள். நிற்கிற குழந்தை பயந்துவிடும். இல்லையென்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள், அதோடு நாடகம் கெட்டுவிடும். யானைக்கும் ஆள் வேண்டாம், மேசையில் மெதுவாக நான்கு தட்டு போதும். அரசனாக நாற்காலியில் ஒருவர். வழக்கமாகச் சத்தம் போடும் பையனுக்கே இந்த இடத்தைக் கொடுத்துவிடாமல், அதிகம் பேசாத ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். அரசனுக்கு வசனம் கிடையாது, கேட்பது மட்டும்தான் வேலை.

அடுத்த 15 நிமிடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வட்டத்தின் ஓரத்துக்கு வந்து, பைகளைக் காப்பாற்ற ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆளுக்கு 20 விநாடி என்றால் 34 பேருக்கும் நேரம் வரும். விதிகள் இரண்டு. அரசனைத் திட்டக் கூடாது. முன்னால் வந்தவர் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. முதல் ஏழெட்டுப் பேர் "பாவம், விட்டுடுங்க" என்பார்கள். அது தீர்ந்த பிறகுதான் "உங்க பிள்ளையா இருந்தா?", "அவங்க அப்பா மேலதானே கோவம், இவங்க என்ன பண்ணாங்க?" என்றெல்லாம் வரத் தொடங்கும். அதனால் ஐந்து பேரோடு நிறுத்திவிடாதீர்கள், நல்ல வாக்கியங்கள் வரிசையின் பின்பாதியில்தான் வரும். பேச வராத பிள்ளை பையின் அருகே போய் நின்றுவிட்டுத் திரும்பினாலும் சரி, அதையும் ஒரு வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஐந்து நிமிடம் கோவூர் கிழார் சொன்னதைச் சொல்லி, கடைசி வரியை மட்டும் மூலத்திலேயே வாசியுங்கள். மீதி நேரத்தில் ஒரே கேள்விக்கு நோட்டில் பதில் எழுதட்டும்: "புலவருக்கு எந்த நேரத்தில் பயமாக இருந்திருக்கும்?" துணிச்சல் என்றால் பயம் இல்லாதது என்று எழுதிவைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வேலை செய்யும். மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும்.

இதே புலவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் போரிட்டபோது, இருவரும் சோழரே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று பாடியிருக்கிறார். அது 45ஆம் பாட்டு. வகுப்பில் இரண்டு கட்சி பிரிந்து சண்டை வரும் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பத்து வயதுப் பையன் மிகவும் கூச்ச சுபாவம். பெரிய தலைவர்களின் வாழ்க்கையைச் சொல்லி, "பார், நீயும் இப்படித் தைரியமா இருக்கணும்" என்கிறேன். அவன் இன்னும் ஒடுங்கிப் போகிறான். எங்கே தவறு?
– வாசகர், கோயம்புத்தூர்

"நீயும் இப்படி இருக்கணும்" என்ற வாக்கியத்தில்தான் தவறு. அதைக் கேட்டதும் கதை அவனை எடைபோடும் தராசாகிவிடுகிறது. அந்த வாக்கியத்தை முதலில் விட்டுவிடுங்கள். "பாரேன், அவருக்கு உன் வயசுலயே..." என்பதையும் சேர்த்து விடுங்கள்.

அடுத்து, தேர்வை மாற்றுங்கள். பிறவியிலேயே அச்சமில்லாதவர்களாகத் தெரியும் ஆட்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு, பயத்துக்கு முன்னேற்பாடு செய்துகொண்டு போனவர்களைச் சொல்லுங்கள். சாவித்திரிபாய் புலே 1831இல் பிறந்தவர். 1848இல் கணவர் ஜோதிராவுடன் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஆத்திரப்பட்டவர்கள், அவர் பள்ளிக்கு நடந்து போகும்போது சேற்றையும் சாணியையும் வீசினார்கள். அவர் பையில் இன்னொரு புடவை இருக்கும். பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு பாடம் நடத்துவார், திரும்பும்போது மறுபடி அழுக்குப் புடவை. வீச மாட்டார்கள் என்று அவர் நம்பிப் போகவில்லை. வீசுவார்கள் என்று தெரிந்தே கிளம்பினார். கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிடப் பயன்படும் கதை குறைவு. சேறு தன் மேலும் விழும் என்று அவனுக்கு எப்போதும் தோன்றிக்கொண்டேதான் இருக்கும்.

அமெரிக்காவின் ரோசா பார்க்ஸ் கதையையும் இதேபோல் முழுதாகச் சொல்ல வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்தபோது அவருக்கு வயது 42. களைத்துப்போன ஒரு பாட்டி திடீரென்று மறுத்துவிட்டார் என்று சொல்லிக்கொடுப்பது தவறு. அவர் பல ஆண்டுகளாகக் கறுப்பின உரிமை அமைப்பின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். அந்த ஆண்டு கோடையில் டென்னசியில் நடந்த பயிற்சிக்கும் போய்வந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதான பிறகு நடந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அந்த 381 நாளும் வேலைக்கு நடந்தே போனவர்களில் பலர் பேருந்தில் எதிர்த்துப் பேசியவர்கள் அல்லர். முன்னால் நின்று பேசத் தெரியாதவனுக்கும் அந்தக் கதையில் இடம் இருக்கிறது என்பதை உங்கள் மகன் அறிய வேண்டும்.

கதை முடிந்ததும், "உனக்கு இந்த வாரம் எங்கே சேறு விழும்னு தோணுது? மாற்றுப் புடவைக்குப் பதிலா நீ என்ன வச்சுக்கலாம்?" என்று கேளுங்கள். வகுப்பில் சந்தேகம் கேட்கப் பயம் என்றால், கேள்வியை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம். கடையில் பாக்கிச் சில்லறை கேட்கப் பயம் என்றால், நீங்கள் பத்தடி தள்ளி நிற்க அவன் கேட்கலாம், அடுத்த முறை வாசலில் நில்லுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம். இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். முடியாமல் திரும்பி வந்தால், "எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். வகுப்பில் யாரையாவது கேலி செய்தால் போய்த் தட்டிக்கேள் என்று இவனைத் தள்ளிவிடாதீர்கள். தன்னைவிடப் பலசாலியை எதிர்த்து நின்று அடிவாங்கி வந்தால், அடுத்த பத்து வருஷத்துக்கு வாய் திறக்க மாட்டான். கேலிக்கு ஆளான பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காரலாம். "வா, தண்ணி குடிக்கப் போகலாம்" என்று அங்கிருந்து கூட்டிப் போகலாம். ஆசிரியரிடம் சொல்லலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேசலாம். இவை எல்லாமே துணிச்சல்தான் என்று அவனிடம் அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். ஆசிரியரிடம் சொல்வதைக் கோள்சொல்வது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இந்த வித்தியாசம் எட்டு வயதுக்கே புரியும்.

கேள்வி: பேத்திக்கு வேலு நாச்சியார், குயிலி கதை சொன்னேன். "நெசமாவா தாத்தா? நீங்க பார்த்தீங்களா?" என்கிறாள். குயிலி உடம்பில் தீ வைத்துக்கொண்ட இடத்தில் அழுதுவிட்டாள். வயது எட்டு. எதைச் சொல்வது, எதை விடுவது?
– வாசகர், காரைக்குடி

பேத்தி கேட்டது நல்ல கேள்வி. மூன்று வண்ண அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம், கல்வெட்டு, அரசு ஆவணம் இவற்றில் இருப்பதற்குப் பச்சை. மக்கள் தலைமுறையாகச் சொல்லிவருவதற்கு மஞ்சள். சொல்கிறவர் சுவைக்காகச் சேர்த்துக்கொண்டதற்கு வெள்ளை. கதை ஓடும்போதே அந்தந்த அட்டையைத் தூக்கிக் காட்டலாம்.

1772இல் காளையார்கோவிலில் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) சிவகங்கை அரசர் முத்துவடுகநாதரைக் கொன்றதும், அவர் மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பித் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் தங்கியதும், ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டதும் பச்சை. ராணியின் படையில் இருந்த குயிலி ஆயுதக் கிடங்கை அழித்தது மஞ்சள். மஞ்சள் என்றால் பொய் என்று அர்த்தம் இல்லை. அந்தச் சீமை மக்கள் யாரை மறக்கக் கூடாது என்று நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது. ராணி குதிரைமேல் பேசியதாக நீங்கள் சேர்க்கும் வசனம் வெள்ளை. இரண்டு மூன்று கதைக்குப் பிறகு அட்டையை அவளிடமே கொடுத்துவிடுங்கள், அவள் தூக்கட்டும்.

தீ வைத்துக்கொண்ட காட்சியைப் பத்து வயதுக்குமுன் சொல்லாதீர்கள். "கிடங்கை அழித்தார், உயிரோடு திரும்பவில்லை" என்பது போதும். சின்னப் பிள்ளைகள் கேட்ட காட்சியை அப்படியே மனத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள், ராத்திரி தூக்கம் போய்விடும். அதைவிட ஆபத்து, உயிரை விடுவதுதான் வீரத்தின் உச்சம் என்று எடுத்துக்கொள்வது. தில்லையாடி வள்ளியம்மையின் கதையிலும் இதே கவனம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம் செய்து சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் இறந்தவர். சிறை போனதற்கு வருந்தவில்லை, மறுபடியும் போகத் தயார் என்று அவர் காந்தியிடம் சொன்னதைச் சொல்லுங்கள். 13 வயதுக்குக் கீழே அவருடைய மரணத்தை ஒரே வரியில் கடந்து, அவர் எதற்காகச் சிறை போனார் என்பதில் அதிக நேரம் நில்லுங்கள். இந்திய முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது பெண்களைப் போராட்டத்துக்கு இழுத்தது. தலைக்கு மூன்று பவுண்டு வரி, ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கிய கூலிகளை நசுக்கிக்கொண்டிருந்தது. தன் அம்மாவின் கல்யாணமே செல்லாது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்க எட்டு வயதுப் பிள்ளையாலும் முடியும்.

கேள்வி: ஆறாம் வகுப்பு மகன், "அவர் எங்க ஆளு, உங்க ஆளு இல்ல" என்று ஒரு தலைவரைப் பற்றி வகுப்பில் பேசிச் சண்டை வந்திருக்கிறது. நாங்கள் வீட்டில் அப்படிப் பேசியதில்லை.
– வாசகி, மதுரை

சுவரொட்டியும் ஊர்வலமும் அதைக் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. திட்டிப் பயனில்லை. ஒரு தாள் எடுத்து நடுவில் அந்தத் தலைவரின் பெயரை எழுதி, அவருக்கு உதவியவர்கள், அவர் யாருக்கு உதவினார் என்று சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் போனால் "எங்க ஆளு" நிற்காது. வேலு நாச்சியாரைச் சுற்றி மருது சகோதரர்கள், விருப்பாச்சி கோபால நாயக்கர், மைசூர் ஹைதர் அலி. மருது 1801 ஜூனில் வெளியிட்ட திருச்சிப் பிரகடனம் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே அழைத்தது.

வ.உ.சி.யின் தாளில் ஓர் ஆங்கிலேயரும் வருவார். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களுக்காக நின்று, இரட்டை ஆயுள் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர் அவர். விடுதலையானபோது வழக்கறிஞர் உரிமமும் போயிருந்தது. அதைத் திரும்பப் பெற உதவியவர் நீதிபதி வாலஸ். அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், நன்மை செய்த ஆங்கிலேயரின் பெயரைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தார். உங்கள் மகனிடம் இதைச் சொல்லிவிட்டு ஒன்றும் விளக்காமல் விடுங்கள். அடுத்த சில நாளில் அவனே அதைப் பற்றிக் கேட்பான்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அசோகர் ஒரு லட்சம் பேரைக் கொன்றுவிட்டுப் பிறகு மனம் மாறினார் என்று படித்தோம். கொல்லப்பட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்? அவரை எப்படி நல்லவர் என்பது?
– மாணவி, தஞ்சாவூர்

உன் கேள்வி நியாயமானது, கண்ணம்மா. மனம் மாறியதால் செத்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. அந்தக் கணக்கு அப்படியேதான் நிற்கிறது. நமக்கு அந்தக் கணக்குத் தெரிவதே அசோகர் எழுதி வைத்ததால்தான். 13ஆம் பாறைக் கல்வெட்டில், கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் மடிந்தார்கள் என்று அவரே சொல்கிறார். ஜெயித்த அரசர்கள் பொதுவாக எதிரியின் தலைகளை எண்ணுவது பெருமைக்காக. இவர் எண்ணியது வருத்தத்தோடு.

நீ கேட்டதற்கு வலுச்சேர்க்கும் இரண்டு செய்திகளும் உண்டு. அந்தக் கல்வெட்டு கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே வேறு கல்வெட்டுகளை வைத்தார். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்றும், காரணமில்லாமல் யாரையும் அடைக்கவோ வதைக்கவோ கூடாது என்றும் அவற்றில் அதிகாரிகளுக்கு உத்தரவிடுகிறார். 13ஆம் கல்வெட்டிலேயே, காட்டில் வாழும் மக்களிடம், நான் வருந்தினாலும் தண்டிக்கும் பலம் எனக்கு உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறார். முழுதாக மாறிய மனிதர் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், மூலிகை நடுதல், வழியோரம் கிணறு, மரம் ஆகியவற்றை அவர் செய்தார். 2ஆம் கல்வெட்டில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சோழர், பாண்டியர் நாடுகளின் பெயரும் அதில் வருகிறது. ஒருவரை மொத்தமாக நல்லவர், கெட்டவர் என்று முத்திரை குத்தாமல், இந்தச் செயல் சரி, இந்தச் செயல் தவறு என்று தனித்தனியே எழுதிப் பார். உன் நோட்டில் இரண்டு பத்தியும் நிறையும். ஆசிரியரிடம் நீ கேட்டதை அப்படியே கேள்.

கேள்வி: மாதத்துக்கு எத்தனை நாயகர்கள்? கைபேசியில் கதை காட்டலாமா?
– வாசகர், ஓசூர்

மாதத்துக்கு ஒருவர் போதும். முதல் வாரம் கதை, இரண்டாம் வாரம் நடித்துப் பார்ப்பது, மூன்றாம் வாரம் அதையொட்டி ஒரு காரியம், நான்காம் வாரம் பிள்ளை உங்களுக்குச் சொல்வது. நாளுக்கு ஒருவர் என்று போனால் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும்தான் மிஞ்சும். ஐந்து வயதுக்குக் கீழே வரலாற்று நாயகர் வேண்டியதில்லை, வீட்டில் பாட்டி செய்த நல்ல காரியம் ஒன்றே போதும். கைபேசிப் படத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாமல் ஓடிவிடும். நீங்கள் ஒருமுறை சொல்லிய பிறகு காட்டலாம், முன்னால் வேண்டாம்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுக்கு மாறுவேடப் போட்டி, இரண்டு நிமிடம். ராணி வேடம், வாள் எல்லாம் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். வேறு யோசனை உண்டா?
– வாசகி, விருதுநகர்

சாவித்திரிபாய் வேடம் போடுங்கள், வாடகைக்கு எதுவும் எடுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு பழைய பருத்திச் சேலைகளை மகளின் உயரத்துக்கு மடித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தெளித்துக் காயவைத்தால் சேற்றுக் கறையாகத் தெரியும். சேற்றையே பூசாதீர்கள், மேடையில் உதிர்ந்து வழுக்கும். கறைச் சேலையை மேலே சுற்றி, தோளில் ஒரே ஊக்கு குத்துங்கள். நல்ல சேலை ஏற்கெனவே உள்ளே கட்டியிருக்க வேண்டும். நின்ற இடத்தில் சேலை மாற்ற முயன்றால் இரண்டு நிமிடமும் அதிலேயே போய்விடும். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு சிலேட்டு.

வசனம் ஆறு வரிக்குமேல் வேண்டாம், அதையும் அவளே தன் பேச்சில் சொல்லட்டும். "இது 1848. நான் பள்ளிக்கூடம் போறேன். டீச்சரா போறேன். வழியில சேறு வீசுறாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு." இங்கே ஊக்கைக் கழற்றி மேல்சேலையை நழுவவிட்டுச் சிலேட்டை எடுக்க வேண்டும். "வாங்க பிள்ளைங்களா, இன்னைக்கு எழுத ஆரம்பிக்கலாம்." ஊக்கைக் கழற்ற மட்டும் வீட்டில் நான்கைந்து முறை பழக்குங்கள். பூட்டு ஊக்காக இருந்தால் சின்ன விரலுக்குத் திறக்காது, சாதாரண ஊக்கே நல்லது. மேடைக்குக் கீழே உதவிக்கு நிற்கும் ஆசிரியரிடம் நழுவும் சேலையை எடுத்துக்கொள்ள முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அடுத்து வரும் பிள்ளை அதில் தடுக்கி விழக் கூடாது.